மழையில் பார்க்க வேண்டிய தேவாலயங்கள்

சுற்றுலா வருகிறவர்கள் வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் மழை நாளுக்காகக் காத்திருப்பார். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயர், குளஸ்டர்ஷயர் கிராமங்களில் இருக்கும் பழைய கல் தேவாலயங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். படிப்பால் கட்டடக் கலைஞர். 1980-களில் ஒரு மூத்த கலைஞரின் பின்னால் ஏணி தூக்கிக்கொண்டு நடந்தவர், பிறகு அதே வட்டாரத்தில் தனியாகத் தொழில் நடத்தினார். புதிதாக அவர் கட்டியவை என்று பார்த்தால் ஒன்றிரண்டு கழிப்பறைகளும் ஒரு கொதிகலன் அறையும்தான். மற்றதெல்லாம் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ கட்டிவைத்தவை.

அடைமழையில் கல்லறைகளுக்கு நடுவே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைக் கண்டால், நாயோடு நடை போகிறவர்கள் சற்றுத் தயங்குவார்கள். அவர் கண் தண்ணீரின் பின்னால் போய்க்கொண்டிருக்கும். கூரையில் விழுந்த மழை ஓரத்துப் பீலிக்கு ஒழுங்காக வருகிறதா, பீலியிலிருந்து குழாயில் இறங்குகிறதா, இறங்கியது சுவரை விட்டு விலகிப் போகிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி அறிக்கை முடிந்த மாதிரி. வெயிலில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சுவரில் பச்சைப் பாசிக் கோடு இருந்தால் ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

வெளியே ஒரு முழுச் சுற்று சுற்றாமல் உள்ளே போவதில்லை என்பது மூத்தவரிடம் கற்ற பழக்கம். பையில் தொலைநோக்கி, கைவிளக்கு, பேனாக்கத்தி, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று புதிதாகச் சேரும் இளைஞர்கள் கேட்பார்கள். விக்டோரியா காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு எல்லாரும் முன்பக்கம்தான் பெயிண்ட் அடிப்பார்கள். சுவரை ஒட்டிய பின்பக்கத்துக்குத் தூரிகை போகாது. துரு அங்கேதான் பிடிக்கும், வெடிப்பும் அங்கேதான் விழும். முன்னால் பளபளவென்று கறுப்பாக நிற்கும் குழாய், பின்னால் வருடக்கணக்காகச் சுவருக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும். உள்ளே சாந்து உப்பிப் பெயர்ந்ததும் ஊரார் “தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது” என்று முடிவு கட்டி, யாராவது ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு ரசாயனம் ஏற்றச் சொல்வார்கள். குழாயை மாற்ற ஆகும் செலவைப்போலப் பல மடங்கு அதில் போய்விடும். ஈரமும் போகாது.

இந்தச் சோதனை அவர் விருப்பத்துக்குச் செய்வதல்ல, சட்டம். 1955-இல் இங்கிலாந்துத் திருச்சபை கொண்டுவந்த விதிப்படி, ஒவ்வொரு பங்குத் தேவாலயத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும். அந்தத் திருச்சபையிடம் ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000-க்கும் மேல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளவை. இவ்வளவையும் அரசாங்கம் பராமரிக்கிறது, இல்லாவிட்டால் பேராயர் அலுவலகம் பணம் தருகிறது என்றுதான் வெளியார் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சுமை பங்குப் பேரவை என்ற உள்ளூர்க் குழுவின் தலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் ஊரில், அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் நார்மன் காலக் கோபுரத்துக்குப் பொறுப்பு. கேக் விற்றும் கோடை விழா நடத்தியும் பணம் சேர்ப்பார்கள். அறிக்கையை எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது. இருபது வேலைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவர்கள் திகைத்துப்போய் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். ‘உடனே’, ‘பதினெட்டு மாதத்துக்குள்’, ‘அடுத்த சோதனைக்குள்’ என்று பிரித்து, ‘உடனே’ என்பதன் கீழ் மூன்றுக்கு மேல் எழுதாமலிருக்க அவர் பழகிக்கொண்டார்.

அந்த வட்டாரத்துக்கு விருந்தினர் யாராவது வந்தால் அவர் முதலில் கூட்டிப்போவது கில்பெக். ஹெரிஃபோர்டுக்குத் தென்மேற்கே, புல்மேட்டில் இடிந்த கோட்டைச் சுவரின் துண்டுகளுக்குப் பக்கத்தில், 1140-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சிறிய தேவாலயம். நடுக்கூடம், அதையடுத்துப் பீடப்பகுதி, கடைசியில் அரைவட்டமாக முடியும் ஒரு கட்டு. திட்டம் இவ்வளவு எளிமையானது. ஆனால் செம்மணற்கல்லில் செதுக்கியிருக்கும் தெற்கு வாசலின் முன் நின்றவர்கள் சீக்கிரம் நகர்வதில்லை. தூண்களில் ஒன்றையொன்று விழுங்கும் பாம்புகள், தொளதொளக் கால்சட்டை போட்ட போர்வீரர்கள், வாயிலிருந்து கொடி துளிர்க்கும் ஒரு முகம், கதவுக்கு மேலே அரைவட்டக் கல்லில் உயிர்மரம். கூரை விளிம்பைத் தாங்கும் 80-க்கும் மேற்பட்ட தாங்குகற்களில் ஒவ்வொன்றும் தனி உருவம்: முயலும் வேட்டைநாயும் தோழர்கள்போல ஒட்டி உட்கார்ந்திருக்கும் கல், பன்றி, ஆட்டுக்கடா, இரு கைகளாலும் தன் பெண்குறியை விரித்துக் காட்டும் உருவம். கடைசியாகச் சொன்னதன் பொருள் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை. சிலருக்கு அது பாவத்தைப் பற்றிய எச்சரிக்கை, சிலருக்குக் கண்ணேறு கழிக்கும் உரு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியைகள் அந்தப் பக்கம் வந்ததும் நடையைக் கூட்டுவதை அவர் பார்த்திருக்கிறார்.

விருந்தினர் வியந்து முடித்ததும் அவர் வேறொரு கேள்வி கேட்பார். ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டு மழையில் இது எப்படி இவ்வளவு கூர்மையாக நிற்கிறது? பதிலைத் தானே சொல்ல மாட்டார். காரில் ஏற்றி வடக்கே ஷாப்டனுக்குக் கூட்டிப்போவார்.

ஷாப்டனிலும் அதே காலத்தில், அதே சிற்பிக் குழுவின் கைவண்ணத்தில் ஒரு தேவாலயம் எழுந்தது. அதைக் கட்டுவித்த ஆலிவர் த மெர்லிமோந்து ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்தவர். 1750-களில் ஊர் நிலக்கிழாரான பேட்மன் குடும்பத்துக்குப் பழைய கட்டடம் பிடிக்கவில்லை. வெள்ளையும் வெளிர்நீலமுமாக, திருமணக் கேக்குக்கு ஐசிங் பூசியதுபோல ஒரு புதுத் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். பழையதன் செதுக்கு வளைவுகளை எறிந்துவிட மனமில்லை. பெயர்த்தெடுத்து, வீட்டிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும்படி ஒரு மேட்டின் உச்சியில் வெட்டவெளியில் நிறுத்தினார்கள். கெடுக்க வேண்டும் என்று யாரும் செய்ததில்லை, ரசனையோடுதான் செய்தார்கள். கட்டடத்துக்குள் இருந்த கல்லுக்கு அன்றோடு கூரை போயிற்று. ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் 1842-இல் கில்பெக்கையும் 1852-இல் ஷாப்டனையும் வரைந்து புத்தகமாக்கினார். அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஷாப்டன் வளைவுகளின் முன் நின்றால், படத்தில் முகமிருக்கும் இடத்தில் கல்லில் வெறும் புடைப்புதான் மிஞ்சியிருக்கிறது. கில்பெக் வாசலையோ நெடுங்காலம் ஒரு மரத் தாழ்வாரம் மறைத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அதை எடுத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த ஊரும் நலிந்துபோனது. இடித்துப் பெரிதாகக் கட்டுமளவுக்கு யாரிடமும் காசு இல்லை. காசில்லாத ஊர்களின் தேவாலயங்கள்தான் தனக்குப் பிடித்தவை என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார்.

காசு வந்த ஊர்களில் என்ன நடந்தது? விக்டோரியா காலத்தில் பெரும் ‘மீட்பு’ அலை ஒன்று வீசியது. உட்சுவர்களில் இருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தி எடுத்து, கல்லை வெளியே தெரியவைத்தார்கள். இன்று கிராமத் தேவாலயத்துக்குள் நுழைகிறவர் கரடுமுரடான கற்சுவரைப் பார்த்து, இதுதான் இடைக்காலம் என்று நெகிழ்ந்து நிற்கிறார். இடைக்கால மனிதன் அதைப் பார்த்தால் கட்டட வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் நினைத்திருப்பான். அந்தச் சுவர்களில் சாந்து பூசி, வெள்ளையடித்து, சிவப்பிலும் மஞ்சளிலும் தீர்ப்பு நாளும் புனிதர்களும் தீட்டப்பட்டிருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்து, படங்கள் கூடாதென்றதும் அவற்றின்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு அடித்தவர்களின் கையில் ஓவியங்கள் பிழைத்தன; உளியோடு வந்த மீட்பர்களின் கையில் சாந்தோடு சேர்ந்து விழுந்தன. இந்தச் சுரண்டலைப் பொறுக்காமல்தான் 1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்துக்கு ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்றே செல்லப்பெயர் இருந்தது. அப்படிச் சுரண்டாமல் தப்பிய தேவாலயம் எப்படியிருக்கும் என்று பார்க்க வில்ட்ஷயரின் இங்கில்ஷமுக்குப் போக வேண்டும். மாரிஸின் உதவியோடு பழுது பார்த்தது. கோணிப்போன மரப்பெட்டி இருக்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாகத் தலைமுறை தலைமுறையாய்ப் படிந்த சுவரோவியங்கள் என எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கெம்ப்லி கிராமத்தின் கதை இன்னொரு விதம். அங்கே பீடப்பகுதியின் வளைகூரை முழுக்கப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஓவியம்: வானவில்மேல் அமர்ந்த கிறிஸ்து, இருபுறமும் திருத்தூதர்கள். 1872-இல் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த மகிழ்ச்சியில், பாதுகாக்கிறோம் என்று அதன்மேல் அரக்கு வார்னிஷ் பூசிவிட்டார்கள். அது மெல்ல மெல்லக் கறுத்தது. 1950-களில் ஈவ் பேக்கர் என்ற பெண்மணி பொறுமையாக அதை நீக்கினார். அவர் கணவர் ராபர்ட் பேக்கர்தான் வெல்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்புச் சிலைகளைச் சுண்ணாம்பாலேயே பேணிய முறைக்குப் பெயர் போனவர்: சுடுசுண்ணாம்புப் பற்றுப்போட்டுச் சுத்தம் செய்து, சுண்ணாம்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தெளித்து, கடைசியில் கல்லின் நிறத்துக்கே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. தெளித்த தண்ணீர் கல்லை உண்மையிலேயே இறுக்குகிறதா என்று ஆய்வாளர்கள் பிறகு சந்தேகம் எழுப்பினார்கள். மேல்பூச்சு காக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை.

நம் கட்டடக் கலைஞர் தொழிலுக்கு வந்த நேரத்தில்தான் இந்தச் சுண்ணாம்பு ஞானம் மேஸ்திரிகளிடம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு தலைமுறைகள் சிமெண்டைத் தவிர வேறெதையும் கையாலேயே தொடாதவை. ஒரு தேவாலயத்தின் தெற்குச் சுவரை அவர் முதல் தடவை சோதித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ அக்கறையோடு கல்லிடுக்கெல்லாம் சிமெண்டு அடைத்திருந்தார்கள். மணற்கல் மென்மையானது, சிமெண்டு கடினம். சுவருக்குள் போன ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல்லின் முகம் வழியாகவே வெளியேறியது. உறைபனியில் அந்த முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கல் உள்வாங்கி, சிமெண்டு மட்டும் வலைப்பின்னலாக முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டால் செம்மண் கொட்டியது. அதைப் பிடுங்கி எடுப்பதும் ஆபத்து. அவசரப்பட்டால் கல்லின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். சில இடங்களில் அதுவாகத் தளரும்வரை விட்டுவைக்கச் சொல்லி எழுதினார்.

சுண்ணாம்புக் காரைக்கு முதல் தேவை பொறுமை. அதை ஒப்பந்தக்காரரின் கால அட்டவணையில் நுழைப்பது கடினம். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கூர்மணல் மூன்று பங்கு என்று பொதுவான கணக்கு. பூசிய பிறகு வெயிலும் காற்றும் படாமல் ஈரச்சாக்கு போட்டு மூடி, அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித்தான் இறுகும். இறுகுவதற்குள் உறைபனி வந்தால் வேலை பாழ். ஆகவே இலையுதிர்காலம் முற்றினால் கரண்டியைக் கழுவி வைத்துவிட வேண்டியதுதான். இடையில் பிரான்ஸிலிருந்து மூட்டையில் வரும், தண்ணீரிலேயே இறுகும் சுண்ணாம்பு பிரபலமாயிற்று. வேகமாக இறுகியது, அதனால் எல்லாருக்கும் பிடித்தது. அதன் கடினமான வகைகளை மென்கல்லில் போட்டபோது சிமெண்டு செய்த வேலையின் சாயல் தெரிய ஆரம்பித்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக, சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சூடாகவே கலக்கும் மிகப் பழைய முறைக்கு மேஸ்திரிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். புகையும் ஆவியுமாகக் கொதிக்கும் அந்தக் கலவையின் பக்கத்தில் நிற்கும் இளைஞர்கள் கண்ணாடியும் கையுறையும் போட்டிருக்கிறார்களா என்றுதான் அவர் முதலில் பார்ப்பார்.

இரண்டாயிரங்களின் நடுவில் உலோக விலை ஏறியது. காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தால் அது தேவாலயக் காப்பாளராகத்தான் இருக்கும் என்ற நிலை வந்தது. இரவோடு இரவாகக் கூரை ஈயத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஈயத்தின் மதிப்பைவிட, அதற்குப் பிறகு பெய்யும் மழையின் செலவு பெரிது. ஓக் சட்டங்களும் சாந்தும் ஆர்கனும் நனைந்துவிடும். இன்னொரு இழப்பை ஏணி ஏறியவர்கள்தான் அறிவார்கள். பழைய ஈயத் தகடுகளில் அதைப் போட்ட தொழிலாளிகள் தங்கள் காலணியை வைத்துச் சுற்றிக் கோடிழுத்து, உள்ளே பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் கீறியிருப்பார்கள். திருடனுக்கு அதுவும் எடைதான். 2012 கடைசியில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தார்கள். அடுத்த ஆண்டுச் சட்டம் பழைய உலோகக் கடைகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை.

ஈயம் போன இடத்தில் மறுபடி ஈயமே போடுவதா, வெள்ளீயம் பூசிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு போடுவதா? இந்தக் கேள்வியில் அவர் நண்பர்கள் இரண்டு கட்சி. ஈயம் பழமைக்குப் பொருத்தம், அளவாக வெட்டிப் போட்டால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைக்கும். பெரிய தகடாகப் போட்டாலோ வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி வெடித்துவிடும். எஃகைத் திருட ஆளில்லை. கீழேயிருந்து தெரியாத கூரையானால் எஃகே போதும் என்பது அவர் கட்சி. இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் அவரைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர்கள் உண்டு. எதைப் போடுவதானாலும் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். அதை வழங்குபவர் திருச்சபை நீதிமன்றத்தின் நீதிபதி. ஓர் இருக்கையை எடுப்பதற்கும் அதே நடைமுறை. புது ஆட்கள் இதை வீண் இழுபறி என்பார்கள். ஷாப்டனுக்குப் போய்வந்த பிறகு அவருக்கு அந்த இழுபறிமேல் மரியாதை அதிகம்.

வௌவால் விஷயம் தனி. 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வௌவாலைத் துன்புறுத்துவதும் அதன் தங்குமிடத்தைக் கெடுப்பதும் குற்றம். கூரை வேலை எப்போது தொடங்கலாம் என்பதைப் பேறுகால வௌவால்கள்தான் தீர்மானிக்கும். அவற்றின் சிறுநீர் பித்தளைக் கல்லறைத் தகடுகளை அரிக்கிறது, பீடவிரிப்பைக் கறையாக்குகிறது. ஞாயிறு காலை வழிபாட்டுக்கு முன் துடைப்பத்தோடு வரும் மூதாட்டிக்கு வௌவால் ஆர்வலரின் சொற்பொழிவு இனிக்காது. 2023 வரை நடந்த ஒரு தேசியத் திட்டம், தேவாலயங்களில் வௌவால்களுக்குத் தனிப் பெட்டிகளும் தனி வழியும் செய்துகொடுத்து இரு தரப்பையும் ஓரளவு சமாதானப்படுத்தியது.

அவர் கண்ணெதிரே மாறியது கட்டடத்தைவிட ஊர்தான். தொடக்க காலத்தில் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஏணி ஏறத் தெரிந்த ஒரு விவசாயி காப்பாளராக இருந்தார். நவம்பரில் இலை விழுந்து முடிந்ததும் பீலியைக் கையாலேயே அள்ளிவிடுவார். இப்போது காப்பாளர்களுக்கு எழுபது, எண்பது வயது. காப்பீட்டு நிறுவனம் ஏறக் கூடாது என்கிறது. பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் 2007-இல் தொடங்கி, ஊர்த் தொண்டர்களுக்குத் தரையில் நின்றபடியே கட்டடத்தைக் கவனிக்கும் பயிற்சி கொடுத்தது. சில ஊர்கள் சேர்ந்து பீலி சுத்தம் செய்ய ஒரே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கேட்க அற்பமாக இருக்கும். பெரிய நன்கொடைகளைவிட அதிகக் கூரைகளைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடு என்பது அவர் கணிப்பு. பழுது வேலைக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. 2001-இலிருந்து அதைத் திருப்பித் தரும் மானியம் ஒன்று இருந்தது. 2025-இல் ஒரு தேவாலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று அதற்கு உச்சவரம்பு வைத்தபோது, அவருக்குத் தெரிந்த இரண்டு கோபுர வேலைகள் கணக்கிலேயே நின்றுபோயின.

ஆளே இல்லாமல் போன தேவாலயங்கள் சில, அவற்றுக்கென்றே 1969-இல் உருவான அறக்கட்டளையின் கைக்குப் போயின. அதனிடம் இன்று 350-க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றில் சிலவற்றில் கோடைகாலத்தில் கட்டில் போட்டு இரவு தங்கக் காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்கள். மற்ற ஊர்களில் தேவாலயம் உயிரோடிருக்க அவர் கண்ட வழி வேறு. ஒரு ஊரில் பள்ளி மூடியது, மதுக்கடை மூடியது, கடையும் மூடியது. மிஞ்சிய ஒரே பொதுக்கூரை தேவாலயம். அங்கே ஒரு கழிப்பறையும் தேநீர் போட ஒரு மேடையும் வேண்டும் என்று பேரவை கேட்டது. கழிவுக்குழாய்க்குக் குழி தோண்ட வேண்டும். மண்ணில் எண்ணூறு ஆண்டுப் பிணங்கள். தொல்லியலாளர் நிற்காமல் மண்வெட்டி இறங்கக் கூடாது. வழக்கமான ஆழத்துக்குத் தோண்டினால் எலும்புகளை எண்ணி முடியாது. கடைசியில், ஆழமில்லாத இரண்டு சால்களில் கழிவு மண்ணோடு மக்கிப்போகும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். புழுக்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், பிணங்களுக்குத் தொந்தரவில்லை. கோபுரத்தின் அடியில் ஓக் தடுப்புக்குப் பின்னால் கழிப்பறை வந்தது. எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரே திறப்பு நாளில் முதலில் உள்ளே போனார். இப்போது வாரத்தில் ஒரு காலை நடுக்கூடத்தில் மடக்குமேசை போட்டு நடமாடும் தபால் அலுவலகம் நடக்கிறது. ஓய்வூதியம் வாங்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களைவிட அதிகம். உண்டியலில் அவர்கள் போடும் சில்லறையில்தான் அந்த ஊர் பீலி சுத்தம் செய்கிறது.